வகுப்புக்கு வெளியே படித்த நாடு

நெடுங்கரை என்றொரு நாடு இருந்தது. அதன் தலைநகரில் ஆற்றை ஒட்டி அரண்மனையும் கல்லூரியும் எதிரெதிரே நின்றன. ஒரு மாலை மன்னர் மானவேலர் மாடத்திலிருந்து பார்த்தபோது, வகுப்பு முடிந்த மாணவர்கள் கரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இவர்கள் ஏன் படிக்கவில்லை?” என்றார்.

கல்வி அமைச்சர் வில்லவராயருக்கு வியர்த்துவிட்டது. மறுநாளே சட்டம் வந்தது: வகுப்பில் ஒரு மணி நேரம் இருந்தால், வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும். அதுவும் வீட்டு ஜன்னலோரத்தில், தெருவில் போகும் காவலர் கண்ணில் படும்படி.

பக்கத்து நாடு மூன்று மணி நேரம் என்றது. நெடுங்கரை உடனே நான்கு என்றது. காவலர்கள் போதவில்லை என்று ஆசிரியர்களைக் காவலுக்கு அனுப்பினார்கள். பாடம் நடத்த ஆளில்லாமல் வகுப்புகள் மூடப்பட்டன.

வில்லவராயர் அவையில் பூரித்துப்போய் அறிவித்தார்: “மன்னா! வரலாற்றில் முதன்முறையாக, நம் மாணவர்கள் தங்கள் நேரம் முழுவதையும் வகுப்புக்கு வெளியே படிப்பதில் செலவிடுகிறார்கள்!”

அவை எழுந்து நின்று கைதட்டியது.

இளவெயினி கரை கட்டும் கலையைப் படிக்க வந்தவள். முன்பெல்லாம் வகுப்பில் கேட்டதை மாலையில் ஆற்றோரம் நடந்து ஒத்துப்பார்ப்பாள். தோழிகளோடு வாதாடுவாள், தோற்றால் சிரிப்பாள். அப்படித்தான் பாடம் அவள் மனதில் ஏறியது. இப்போதோ ஜன்னலோரம் ஒரே பக்கத்தை வெறித்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. அவளுடைய ஆசிரியர் கொற்றனார் கையில் காவல்கோலோடு அவள் ஜன்னலுக்குக் கீழேயே நின்றார்; ஆனால் காவலில் இருப்பவர் பேசக்கூடாது என்பது விதி.

மலையில் கொட்டிய மழையில் ஆறு பொங்கியது. ஒரு மதியம், கரையின் ஊர்ப்பக்க அடியில் தண்ணீர் கொப்பளிப்பதை இளவெயினி ஜன்னல் வழியே பார்த்தாள்.

“ஐயா! அங்க பாருங்க, கலங்கலா வருது!”

“புத்தகத்தைப் பாரும்மா. அமைச்சர் வர்ற நேரம்” என்று விதியை மீறி முணுமுணுத்தார் கொற்றனார்.

“தெளிவா கசிஞ்சா பயமில்லை, கலங்கலா வந்தா கரை உள்ளுக்குள்ள அரிக்குதுன்னு நீங்கதானே ஐயா சொல்லிக்கொடுத்தீங்க!”

கொற்றனார் திரும்பிப் பார்த்தார். காவல்கோல் கைநழுவி விழுந்தது.

“ஓடு! எல்லாரையும் கூப்பிடு!”

இளவெயினி ஜன்னல் வழியாகவே குதித்தாள். தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு ஓடினாள். ஜன்னல்கள் காலியாகின. மணல் மூட்டைகள் கைமாறிக் கைமாறி வந்தன. ஒருவன் ஊற்றின் வாயிலேயே மூட்டையைப் போடப் போனான்.

“அடைக்காதே! அடைச்சா வேற எடத்துல பிச்சுக்கும். சுத்தி அடுக்கு, தண்ணி உள்ள ஏறட்டும்!” என்று கத்தினாள் இளவெயினி.

மூட்டை வளையம் இடுப்பளவு உயர்ந்தது. உள்ளே ஏறிய தண்ணீரின் கலங்கல் மெல்ல மெல்லத் தெளிந்தது. இளவெயினி அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். அடுத்த நொடியே சிரித்தாள். கரையெங்கும் ஆரவாரம் கிளம்பியது.

மறுநாள் அவளை அவைக்கு இழுத்து வந்தார்கள். குற்றம்: படிப்பு நேரத்தில் ஜன்னலை விட்டு அகன்றது.

“எத்தனை மணி நேரம் படிப்பாய் நீ?” என்றார் வில்லவராயர்.

“புரியிற வரைக்கும், ஐயா.”

“அது எண் அல்ல. சட்டத்தில் எழுத முடியாது.”

“ஒருநாள் கொஞ்ச நேரத்துல புரிஞ்சிடும். ஒருநாள் பொழுது முழுக்க உக்காந்தாலும் புரியாது. அப்போ கேட்கறதுக்கு வகுப்புல ஒருத்தர் இருக்கணும் ஐயா. அதை மூடிட்டீங்களே!”

வெளியே ஊரே திரண்டு அவள் பெயரைக் கூவிக்கொண்டிருந்தது. மன்னர் வாசலை ஒருமுறை பார்த்தார், அமைச்சரை ஒருமுறை பார்த்தார். அன்றே அவளை விடுவித்தார்கள்.

அடுத்த வாரம் கல்லூரி வாசலில் தோரணம் கட்டி, மேளம் முழங்க, வில்லவராயர் நாடாவை வெட்டினார்.

“மக்களே! ஆசிரியரும் மாணவரும் ஒரே அறையில் அமர்ந்து, ஒருவர் கேட்க மற்றவர் விளக்கும் அதிசயத் திட்டம்! இதுவரை எந்த ஆட்சியும் சிந்தித்தே பார்க்காத திட்டம்! இதற்கு மாமன்னரின் பெயரையே சூட்டியிருக்கிறோம்!”

கூட்டம் ஆர்ப்பரித்தது. முன்வரிசையில் நின்ற இளவெயினியும் கொற்றனாரும்கூடக் கைதட்டினார்கள். கதவு திறந்திருந்ததே, அது போதும் அவர்களுக்கு.