மின்மாற்றிக் குழுவின் ஐந்தாம் தீர்மானம்

உலக நாடுகள் எல்லைக்காகவும் தண்ணீருக்காகவும் சண்டையிடுவதாகச் சொல்கிறார்கள். மேலோட்டமான பார்வை. நாடுகளை உண்மையில் பிரித்து வைத்திருப்பது சுவரில் உள்ள பிளக் ஓட்டை. ஒரு நாட்டில் உருண்டை, இன்னொன்றில் சப்பை, வேறொன்றில் சாய்வு. இந்தப் பேருண்மையை வெளிநாட்டுக்கே போகாமல் கண்டறிந்தவர் என் கணவர்.

முப்பத்திரண்டு வருடம் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தவர். கசங்கிய சட்டையோடு ஒரு கோப்பிலும் கையெழுத்திட்டதில்லை. அவர் ஓய்வு பெற்ற மாதமே, வெளிநாட்டில் இருந்த அவருடைய அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். "எனக்கு முட்டி போச்சுடா. நான் அங்க வர முடியாது. நீ வந்து ஒரு மாசம் இரு."

அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொண்டு பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, தம் இஸ்திரிப் பெட்டி அந்த ஊர் மின்சாரத்தில் வேலை செய்யுமா என்பதை ஆராய ஒரு 'மின்மாற்றிக் குழு' அமைத்தார். அவர் தலைவர், நான் உறுப்பினர். கூட்டம் சாப்பாட்டு மேசையில் நடக்கும். தீர்மானங்கள் நீல அட்டைக் குறிப்பேட்டில் ஏறும்.

முதல் டிக்கெட் எடுத்தாயிற்று, அடாப்டரும் வாங்கியாயிற்று. அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது என்று குழு கண்டுபிடித்தது. அங்கே நூற்றுப்பத்து வோல்ட், நம்முடையதில் பாதி. பயணம் 'ஒத்திவைக்கப்பட்டது'. அடுத்த வருடம் ஒரு கன்வர்ட்டர் வாங்கினார். அது சவர இயந்திரத்தைத் தாங்கும், இஸ்திரிப் பெட்டியைத் தாங்காது. ஒத்திவைப்பு. மூன்றாவதாக வந்தது எதையும் தாங்கும். ஆனால் பதினான்கு கிலோ; அதைத் தூக்க எங்களால்தான் முடியவில்லை.

அண்ணன் பொறுமை இழந்தார்.

"டேய், என் பெட்டியில தேய்ச்சா உன் சட்டை அழுவுமா?"

"பழகின பெட்டி மாதிரி வருமாண்ணே?"

"சரி, உன்னோடதையே தூக்கிட்டு வா. மாட்டுறதுக்கு இங்க எல்லாம் தயாரா இருக்கு."

"எழுத்துல குடுங்க."

"அடேய், நான் உன் அண்ணன்டா!"

"அதனாலதான் கேக்குறேன். நாளைக்கு யாரும் சலுகைன்னு சொல்லக் கூடாது."

எழுதி அனுப்பினார். தேதி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. தேதியோடு வந்தது; எத்தனை வாட் என்று இல்லை. நான்காவது ஒத்திவைப்பு.

"ஏங்க, கூடப் பிறந்தவர் பொய்யா சொல்லப்போறாரு? கசங்கின சட்டையோட போனா என்னவாம்?"

"அண்ணன் முன்னாடி கசங்கிப்போய் நிக்கச் சொல்றியா? கையெழுத்துப் போடு."

அந்த மை காய்ந்த மூன்றாம் வாரம் தலைவர் காலமானார். முன்னறிவிப்புத் தரவில்லை. அவர் வாழ்வில் செய்த ஒரே விதிமீறல் அது.

எஞ்சிய உறுப்பினர் என்ற முறையில் நான் நேரடி ஆய்வுக்குக் கிளம்பினேன். பையில் அவருடைய இஸ்திரிப் பெட்டியும் ஒரு வெள்ளைச் சட்டையும் இருந்தன.

அண்ணன் கைத்தடியோடு ஓர் அறைக்கு அழைத்துப் போனார். இரண்டு கட்டில்கள். ஜன்னலருகே சுவரில், அந்த நாட்டுக்கே சம்பந்தமில்லாத மூன்று உருண்டை ஓட்டைகள். எங்கள் வீட்டில் இருப்பது போலவே. கீழே, தரையோடு முடுக்கிய பெரிய மின்மாற்றி.

"அவன் முதல் டிக்கெட் எடுத்தன்னிக்கே ஆள் கூப்பிட்டு மாட்டினேம்மா. வாரா வாரம் தூசி தட்டுறேன்."

"இப்படின்னு அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"தயாரா இருக்குன்னு சொன்னேனே. அண்ணன் சொன்னா போதாதா?"

செருகினேன். முதல் முயற்சியிலேயே பொருந்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன். அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு, காலியான கட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

நான் குறிப்பேட்டைத் திறந்து ஐந்தாம் தீர்மானத்தை எழுதினேன்: 'ஆய்வு முடிந்தது. பின் பொருந்துகிறது. வோல்ட் பொருந்துகிறது. பயணத்துக்குத் தடையில்லை.'

பழைய பக்கங்களைப் புரட்டினேன். நான்கு ஒத்திவைப்புகளும் 'ஒருமனதாக' நிறைவேறியிருந்தன. குழுவில் இருந்தது இரண்டே பேர். நான் ஒருத்தி மறுத்திருந்தால் ஒன்றுகூட நிறைவேறியிருக்காது.