விளாம்பழம் விழுந்த பின் பத்து நொடி

ஒரு காட்டில் வெகுகாலத்துக்கு முன்பு, ஒரு மத்தியானத்தில், 'தொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த சருகின் மேல் விளாம்பழம் விழுந்த சத்தம். அதைக் கேட்டதும் தையல்நாயகி என்ற அழுங்கின் குட்டி, பந்தாக உருண்டுகொண்டது. அழுங்குகளின் வழக்கம் அது. உடம்பெல்லாம் ஓடு வேய்ந்தாற்போல் செதில். பயம் வந்தால் உருண்டை. தாய் தையல்நாயகி பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இன்னொரு பழம் விழவில்லை. காற்றுகூட அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் உருண்டைக்குள்ளிருந்து ஒரு மூக்கு வெளியே வந்தது.

குட்டி வளர்ந்து வேறு காட்டுக்குப் போய்விட்டது. அந்தச் சத்தமும் அதற்குப் பின் வந்த அமைதியும் தாயிடம் தங்கிவிட்டன. அது தேக்கிலைகளில் படம் வரைந்து, பதின்மூன்று இலைகளைச் சேர்த்துத் தைத்துப் புத்தகமாக்கியது. பதினோராம் இலையில் 'தொப்'. பதின்மூன்றாம் இலையில் மூக்கு. நடுவில் பன்னிரண்டாம் இலை வெறும் இலை.

"இங்க வரைய மறந்துட்டீங்களா?" என்று கேட்டவர்களிடம் தையல்நாயகி, "அங்கதான் கதையே இருக்கு" என்றது.

புத்தகம் நரி சபாபதியின் கைக்குப் போயிற்று. சபாபதி காட்டுத் தொலைக்காட்சியில் குட்டிகள் பிரிவின் தலைவர்.

"அக்கா, படிச்சிட்டு அழுதுட்டேன். ஐம்பத்திரண்டு பாகம் எடுத்துடலாம்."

"மொத்தமே பதின்மூணு இலைதானே தம்பி?"

"அதை எங்ககிட்ட விடுங்க. குட்டிக்கு ரெண்டு சிநேகிதங்க. ஒரு தீயணைப்பு வண்டி."

"காட்டுல ஏதுப்பா தீயணைப்பு வண்டி?"

"கண்ணிமை வச்ச வண்டி அக்கா. பேசும், பாடும்."

தையல்நாயகி யோசித்தது. "என்ன வேணா பண்ணிக்கோங்க. அந்த வெறும் இலை மட்டும் இருக்கணும். பழம் விழுந்த பிறகு பத்து நொடி ஒரு சத்தமும் வரக்கூடாது."

"சத்தியமா அக்கா."

நாற்பது பக்கத்தில் ஒப்பந்தம் வந்தது. நான்காம் பக்கத்தில், 'இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட, இனிமேல் கண்டுபிடிக்கப்படவிருக்கிற அனைத்து ஊடகங்களிலும், அனைத்துக் காடுகளிலும்' என்று ஒரு வரி. அதைப் படித்ததும் அழுங்கு உருண்டுகொண்டது. மீதி முப்பத்தாறு பக்கங்களுக்கும் உருண்ட வாக்கிலேயே வால் நுனியை நீட்டிக் கையெழுத்துப் போட்டது.

முதல் பாகம் தயாராகி, தாய்களுக்கும் குட்டிகளுக்கும் ஒருநாள் காலையில் போட்டுக் காட்டினார்கள். நாற்பது குட்டிகள், நாற்பது தாய்கள். ஒவ்வொரு தாயின் கையிலும் ஒரு கிண்ணம்.

"கிண்ணம் எதுக்கு தம்பி?"

சபாபதி தையல்நாயகியை ஏற இறங்கப் பார்த்தது. "டிவி எதுக்குன்னு நெனச்சீங்க அக்கா? ஊட்டறதுக்குத்தானே!"

தையல்நாயகிக்கு அது தெரியாது. அழுங்குகளுக்குப் பல்லே கிடையாது. நாக்கை நீட்டினால் எறும்பு தானாக வந்து ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு குட்டிக்குப் பின்னால் ஓடிய தாய் அந்த வம்சத்திலேயே இல்லை.

படம் ஓடியது. அழுங்குக் குட்டி நீல நிறத்தில் இருந்தது. செதில் குத்தும் என்று எடுத்துவிட்டிருந்தார்கள். கணக்கெடுக்க வந்த அணில் திரையின் பக்கம் திரும்பவே இல்லை. நிமிடத்துக்கு எத்தனை வாய் இறங்குகிறது என்று குட்டிகளின் தொண்டையை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தது. வண்டி மணியடித்தபோது பதினொன்று. வண்டி பாடியபோது பதினான்கு. சபாபதி உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டது.

அப்புறம் 'தொப்'.

திரையில் உருண்டை. சத்தமே இல்லை. சபாபதி சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தது. நாற்பது குட்டிகளும் வாயை மூடிக்கொண்டன. ஒரு குரங்குக் குட்டியின் வால் பாதி ஆட்டத்தில் நின்றது. கரடி பொன்னுத்தாயியின் மகன் மருது, பிறந்ததிலிருந்து ஓர் இடத்தில் உட்காராதவன், திரையை நோக்கிக் குனிந்து மெல்லக் கேட்டான்: "அம்மா, அது இன்னும் உள்ளதான் இருக்கா?"

தையல்நாயகிக்குச் செதிலெல்லாம் சிலிர்த்தது.

மூக்கு வெளியே வந்தது. நாற்பது குட்டிகளும் ஒன்றாக மூச்சு விட்டன.

தாய்கள் எழுந்தார்கள்.

"என்னங்க இது அநியாயம்!" என்றது பொன்னுத்தாயி. "கன்னத்துல அடக்கின சோறு அப்படியே நிக்குது. இப்பத்தான் நாலு வாய் இறங்குச்சு, அதுக்குள்ள புள்ளைய யோசிக்க வச்சிட்டீங்களே!"

"யோசிச்சா பசி எங்கடி வரும்?" என்றது தாய்க்குரங்கு.

அணில் தாளை நீட்டியது. கடைசி வரியில் பூச்சியம்.

தையல்நாயகி நரியை ஓரமாக அழைத்தது. "நீயே பாத்தியே தம்பி. அத்தனையும் காது கொடுத்துக் கேட்டுச்சுங்களே."

"பாத்தேன் அக்கா. எனக்கே மூச்சு நின்னுபோச்சு. அதான் பயமா இருக்கு."

"சத்தியம் பண்ணினியே."

"பண்ணினேன். முப்பத்தோராம் பக்கத்துல, வாய்வார்த்தை எதுவும் செல்லாதுன்னு போட்டிருக்கு. நீங்க அப்போ உருண்டையா இருந்தீங்க."

மறு வாரமே தொடர் ஒளிபரப்பானது. பழம் விழுந்த கையோடு தீயணைப்பு வண்டி குதித்து வந்து, 'ஆ காட்டு, ஆ காட்டு' என்று பத்து நொடி பாடியது. நிமிடத்துக்கு இருபத்திரண்டு வாய். காட்டில் அதற்கு முன் அப்படி ஒரு கணக்கு வந்ததில்லை. குட்டிகள் கொழுகொழுவென்று ஆயின. தேக்கிலைப் புத்தகத்தையும் மறுபடி போட்டார்கள்; பன்னிரண்டாம் இலையில் இப்போது ஒரு கிண்ணம்.

தாய்கள் கூட்டமாக வந்து தையல்நாயகிக்கு மாலை போட்டார்கள். "நீங்க எழுதப்போய்த்தான் எங்க வீட்டுல சோறு இறங்குது அக்கா" என்று தாய்க்குரங்கு கண் கலங்கியது. தையல்நாயகி உருண்டுகொண்டது. என்ன அடக்கம் பாருங்கள் என்று எல்லோரும் வியந்து, மாலையை உருண்டையின் மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு வீட்டில் மட்டும் சோறு இறங்கவில்லை. வண்டி பாட ஆரம்பித்ததும் மருது வாயை இறுக்கி மூடிக்கொள்வான். "பாட்டை நிறுத்தச் சொல்லும்மா, அது உள்ள இருக்கு" என்பான். பொன்னுத்தாயி வேண்டாத சாமியில்லை.

மருது ஒல்லிக் கரடியாகவே வளர்ந்தான். இப்போது விளாமரத்தடியில் காவல் வேலை பார்க்கிறான். பழம் விழும் மாதங்களில் விடுப்பு எடுப்பதில்லை.

நீதி: குட்டிகளுக்குக் கதை எழுதுவோர், கிண்ணம் காலியாகும் வரை நல்ல இடத்தைத் தள்ளிவைக்கவும்.