மரத்தில் என் இடமும் மூன்று அம்பு தாங்கிகளும்

மேப்பிள் ரிட்ஜ், விஸ்கான்சின்
ஆகஸ்ட் 29

அன்புள்ள மச்சான் டுவைனுக்கு,

வெர்லின் எழுதுவது. நானும் உன் தங்கை ஆர்டிஸும் இங்கே சுகமாக இருக்கிறோம். என் இரத்த அழுத்தம்கூட இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. அங்கே உன் முழங்காலும், உன் மனைவி மார்லிஸின் தக்காளிச் செடிகளும், உன் நாற்பது ஏக்கர் காடும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னை முழுதாகப் பேச விடமாட்டாய், அதற்குத்தான்.

போன வருஷம் வில் வேட்டை தொடங்கிய சனிக்கிழமை நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உன் காட்டில் உன் மரத்தில் நீயும் என் மரத்தில் நானும் பரண் மேல் உட்கார்ந்திருந்தோம். பத்துக் கிளைக் கொம்போடு அந்த மான் என் மரத்தடிக்கு வந்து நின்ற நேரம் பார்த்து, என் அம்பு வில்லில் உள்ள தாங்கியிலிருந்து நழுவி, இரும்பு ஏணியில் படிக்குப் படி தட்டிக்கொண்டு கீழே போய்ச் சேர்ந்தது. மான் அடுத்த மாவட்டத்துக்கே போயிருக்கும். நீ இறங்கி வந்து, "மாப்ளே, அந்த ரெண்டு கம்பி நீட்டிட்டிருக்கிற ஓட்டைத் தாங்கிய மாத்திட்டு வா. மாத்தாம இந்தக் காட்டுக்குள்ள கால வைக்காத. உன் மரத்துல வேற ஆள உக்கார வச்சிடுவேன்" என்றாய். இருபத்திரண்டு வருஷமாக நான் ஏறிய மரம் அது. பாலாடைக்கட்டி ஆலையில் வேலை பார்த்த காலத்தில் வருஷம் முழுக்க அந்த ஒரு சனிக்கிழமைக்காகத்தான் காத்திருப்பேன். அந்த மரம் இல்லாத செப்டம்பரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். அதனால்தான் இந்தக் கோடை முழுக்க, வில்லின் கைப்பிடிக்கு மேலே அம்பு உட்காரும் அந்த இத்தனூண்டு சாமானுக்காக நாயாய் அலைந்தேன்.

முதலில் டிராக்டர் பட்டறைக்குப் பின்னால் வில் கடை வைத்திருக்கும் பெர்னடீனிடம் போனேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்களுக்கு விழுற தாங்கிதான் சரி. நாண இழுத்தா எந்திரிக்கும், விட்டா படுத்துக்கும். அம்பு எதுலயும் உரசாமப் போகும்" என்றாள். நானே பூட்டித் தரட்டுமா என்றும் கேட்டாள். நாற்பது வருஷம் ஆலை இயந்திரங்களைக் கழற்றி மாட்டியவனிடம் கேட்கிற கேள்வியா என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தாங்கிக்கு ஒரு குட்டிக் கயிறு உண்டு, அதை வில்லின் கேபிளில் கட்ட வேண்டும். வில்லில் நாணைத் தவிர இரண்டு கேபிள் இருக்கிறது, இழுக்கும்போது ஒன்று கீழே போகும், ஒன்று மேலே போகும், இது எனக்கும் தெரியும், ஆனால் நான் கட்டியது மேலே போகிற கேபிளில். ஆகவே இழுத்தால் எழ வேண்டியது இழுத்ததும் படுத்துக்கொண்டது. நான் அதைக் கவனிக்காமல் விட்ட அம்பு, குறிப்பலகைக்கு ஒரு முழம் கீழே போய், சர்ச் அறுவடை விருந்துக்கென்று ஆர்டிஸ் வளர்த்த பூசணிக்காயில் பாதி வரை இறங்கிவிட்டது. நான் அதைப் பிடுங்கப் போனேன். அவள் சமையலறை ஜன்னலிலிருந்தே, "எடுக்காதீங்க. இந்த ஞாயித்துக்கிழமையே அப்படியே சர்ச்சுக்குக் கொண்டு போறேன். யார் வீட்டுக் காய்னு சபை தெரிஞ்சுக்கட்டும்" என்றாள். சொன்னபடி செய்தும் விட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காருவதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போன இடத்தில் பக்கத்துப் பண்ணை ஹார்லன் பிடித்துக்கொண்டான். "பிரஷ் தாங்கி வாங்குய்யா. சுத்தி வர முடி, நடுவுல அம்பு. வில்லத் தலைகீழாப் புடிச்சு ஆட்டினாலும் விழாது. உன்ன மாதிரி ஆளுக்குன்னே செஞ்சது" என்றான். கடைசி வாக்கியத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாங்கினேன். ஹார்லன் சொன்னது சத்தியம், ஆட்டினாலும் விழவில்லை. வீட்டுக்குள் ஒரு மணி நேரம் ஆட்டிக்கொண்டே நடந்தேன், ஆர்டிஸ் வெளியே போய் ஆட்டச் சொல்லும் வரை. ஆனால் அம்பை மெதுவாக இழுக்கும்போது அந்த முடிகள் லேசாகக் கிறீச்சிட்டன. மான் காது எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். சத்தம் போக வேண்டும் என்று காலையில் பன்றி இறைச்சி வறுத்த கொழுப்பை எடுத்து நன்றாகத் தடவினேன். சத்தம் சுத்தமாக நின்றது. வில்லைப் பின்வாசலில் சாய்த்து வைத்துவிட்டுக் காபி எடுக்கப் போனேன், திரும்பி வருவதற்குள் நம் நாய் பெப்பர் தாங்கியில் ஒரு முடி விடாமல் மென்று முடித்து, அடுத்து நாணை நக்கிக்கொண்டிருந்தது. மறுபடி பெர்னடீனிடம் போனேன். அதே பிரஷ் தாங்கியில் இன்னொன்றை எடுத்து, என் கையில் தராமல் அவளே வில்லில் பூட்டி, "அண்ணே, இத மட்டும் தொடாதீங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

தொடவில்லை, மச்சான். இரண்டு வாரமாகத் தினமும் இருபது கஜத்திலிருந்து ஐந்து அம்பு விடுகிறேன், ஐந்தும் ஒரு காபி சாஸருக்குள் நிற்கின்றன. இனி மழை வந்தாலும் காற்று வந்தாலும் என் அம்பு நழுவாது. ஆக, போன வருஷம் நடந்ததற்கெல்லாம் காரணம் அந்த ஓட்டைத் தாங்கிதான், அது இப்போது குப்பையில் கிடக்கிறது, நீ போட்ட நிபந்தனையும் நிறைவேறிவிட்டது. என் மரத்தில் வேறு ஆளை ஏற்றாதே. விடிவதற்கு முன்பே வந்துவிடுகிறேன், காபி நான் கொண்டு வருவேன், மான் இறைச்சி சாஸேஜில் எப்போதும்போல் ஆளுக்குப் பாதி.

மார்லிஸுக்கு என் அன்பு. உன் முழங்காலும் நம் இரண்டு குடும்பமும் குளிர்காலம் வரைக்கும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கர்த்தர் பார்த்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டியவன்
வெர்லின் டாலெஃப்சன்

பின்குறிப்பு: இதை ஆர்டிஸ் வாங்கிப் படித்தாள். உண்மையை எழுதினால்தான் ஸ்டாம்பு தருவேன் என்கிறாள். எழுதிவிடுகிறேன். போன வருஷம் தாங்கியின் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் வில்லை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். மரத்தோடு என்னைக் கட்டியிருந்த இடுப்புப் பட்டை மட்டும் இல்லையென்றால் அம்புக்குப் பின்னாலேயே நானும் போயிருப்பேன். ஏணியில் அம்பு தட்டிய சத்தத்தில்தான் எனக்கே விழிப்பு வந்தது. வேலையை விட்டபிறகு வீட்டுக் கட்டிலில் வராத தூக்கம் எனக்கு அந்த மரத்தில் வருகிறது, அது போய்விடுமோ என்று பயந்துதான் இத்தனை தாங்கியும் வாங்கினேன். இதைத் தெரிந்துகொண்டு என்னைச் சேர்ப்பதும் விடுவதும் உன் இஷ்டம். ஆனால் முடிவெடுப்பதற்கு முன் ஒன்று கேட்டு எழுதச் சொல்கிறாள் உன் தங்கை. அந்தக் காட்டில் மான் ஓடைப் பக்கமிருந்துதான் வரும், எதுவும் உன் மரத்தடியைத் தாண்டாமல் என் மரத்தடிக்கு வர வழியில்லை. "அந்த மான் தாண்டிப் போனப்போ எங்க அண்ணன் என்ன பண்ணிட்டிருந்தான்?"