முதுகுக்கு எழுதிய வசனம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மருமகள் எழுதுவது. இங்கே நான் நலம், அறைத்தோழி நலம், அவளுடைய இருமலும் நலமாக வளர்ந்து வருகிறது. அங்கே தாங்கள், அத்தை, அப்பா, அம்மா ஆகியோரும் தங்கள் ரத்த அழுத்தமும் ஓர் அளவோடு இருக்க வேண்டுகிறேன். போனில் என்றால் தாங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அதனால்தான் கடிதம்.

வருகிற திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து, என் முதலாளியின் சட்டையைப் பிடித்து, "எங்க பொண்ணு பேரு எங்கய்யா" என்று கேட்கப்போவதாகத் தாங்கள் சொன்னதாக அம்மா சொன்னாள். தயவுசெய்து வராதீர்கள். இருபத்தைந்து வாரமாக வீட்டில் எல்லாரையும் டிவி முன்னால் உட்காரவைத்துப் தொடர் முடிந்ததும் ஓடுகிற பெயர்ப்பட்டியலில் என் பெயரைத் தேடுகிறீர்கள், டீ கொண்டுவருகிறவர் பெயர்கூட வந்தது, என் பெயர் வரவில்லை, எல்லாம் உண்மைதான். அப்பாவை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. அவருக்கு எழுத்துத் தெரியாது. என் பெயர் மட்டும் ஹால்டிக்கெட்டில் பார்த்துப் பார்த்து ஒரு படம் போலப் பழகிவிட்டது. அந்தப் படம் எப்போது வரும் என்று டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறாராம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நான் தமிழில் வசனம் எழுதுவது அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் ஒன்றுக்கு. விண்வெளியில் ஓர் ஓட்டைக் கப்பல், அதில் தொப்பியும் பூட்சும் துப்பாக்கியுமாக மூன்று பேர். அரசாங்கம் தலைக்கு விலை வைத்த குற்றவாளிகளைக் கிரகம் கிரகமாகத் துரத்திப் பிடித்துக் கொடுப்பது அவர்கள் பிழைப்பு. வாராவாரம் பிடிப்பார்கள், வாராவாரம் ஆள் கைநழுவிப் போவான், வெறும் வயிற்றோடு கப்பலுக்குத் திரும்புவார்கள். எங்கள் ஸ்டுடியோ ஆட்களுக்கு அவர்களைப் பார்த்ததுமே சொந்தக்காரர்கள் போலத் தோன்றிவிட்டது. கதாநாயகன் மட்டும் வாயே திறக்க மாட்டான். பேச வேண்டிய இடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு அஸ்தமனத்தைப் பார்ப்பான். முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. "இவன் என்னம்மா, மாமியார் வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கிறான்? உதடு தெரிஞ்சாத்தான் தொந்தரவு, அசைவுக்கு ஏத்த மாதிரி எழுதணும். இது முதுகுதானே? இஷ்டத்துக்கு எழுது. முதுகு சும்மா இருக்கக் கூடாது" என்றார்.

ஒரு பாகத்துக்குப் பதினான்கு முதுகு, மாமா. எதைத்தான் எழுதுவது? எனக்கு ஆபீசில் வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஒருநாள் மனசில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டேன். செவ்வாய் கிரகத்துப் புழுதிக்காற்றில் நின்றுகொண்டு அவன், "நாலு மாசமா சொல்றேன், என் நாற்காலிக்குச் சக்கரம் போட ஒருத்தனுக்கும் நேரமில்லை" என்றான். ஒலிப்பதிவு அண்ணன் நிறுத்திவிட்டு, அந்தக் கிரகத்தில் நாற்காலி ஏதம்மா என்று கேட்டார். கப்பலில் இருக்கிறது அண்ணே என்றேன். அவனுக்குக் குரல் கொடுப்பவரை 'இடி' என்று கூப்பிடுவோம், பல்லியைக் கண்டால் வெளியே ஓடிவிடுவார். அவர் அந்த வரியைக் கொலைப்பழி தீர்க்கும் சபதம் போலப் பேசிக்கொடுத்தார். அப்புறம் எனக்குக் கை நிற்கவில்லை. பதிவின்போது சத்தம் வருமென்று எங்கள் ஏசியை நிறுத்திவிட்டு முதலாளி அறை ஏசியை மட்டும் ஓடவிடுவது, வியாழனின் நிலவில் அம்பலமாயிற்று. கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லாதது சனி வளையத்தருகே பேசப்பட்டது.

வசனம் என்று ஒருவர் பெயர் வருகிறதே, அவர் முதலாளியின் மச்சான். ஸ்டுடியோவுக்கு ஒரே ஒருமுறை வந்தார், போன் சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டார், போய்விட்டார். மச்சான்கள் மீது எனக்குப் பொதுவாகக் கோபம் கிடையாது, நீங்களும் எங்கப்பாவுக்கு மச்சான்தான். ஆனால் இருபதாவது பாகத்தில் கதாநாயகன் முதுகைக் காட்டிக்கொண்டு, "எழுதுறவ ஒருத்தி, பேர் போட்டுக்கிறவன் ஒருத்தன். முதல்ல அவன் தலைக்குத்தான் விலை வைக்கணும்" என்றான். அன்று முதலாளி கேட்க வந்திருந்தார். நான் வசனத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எப்பேர்ப்பட்ட அயோக்கியன்மா அவன். நம்ம மச்சான் என்னமா எழுதியிருக்கான் பாரு."

கடைசி பாகத்தில் என் பெயர் கண்டிப்பாக வரும் என்று சொல்லியிருந்தார். நேற்றுப் பட்டியல் வந்தது. டீக்காரர் பெயர் இரண்டு தடவை இருக்கிறது, என் பெயர் இல்லை. கதவைத் தட்டி உள்ளே போனேன். என்னம்மா என்றார். ஒண்ணுமில்ல சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் மாமா, கடைசி பாகத்தின் கடைசி ஒரு நிமிடம் முழுக்க முதுகுதான். விமானத்தளத்தில் அவன் பாட்டுக்குத் தனியாக நடந்து போகிறான். நான் எழுதினேன்: "இத்தனை நாள் நான் பேசினதெல்லாம் ஒரு பொண்ணு எழுதிக் கொடுத்தது." அதற்கடுத்து என் பெயர், அப்பா பெயர், நம் தெருவின் பெயர். இடி இதை மட்டும் சபதம் போல இல்லாமல் மெதுவாகப் பேசிக்கொடுத்தார். ஒலிப்பதிவு அண்ணன் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை, சத்தத்தை ஒரு புள்ளி கூட்டி வைத்தார். அப்பாவுக்குப் படிக்கத்தானே தெரியாது? காது நன்றாகக் கேட்கும். ஆகவே சட்டை பிடிக்கும் யோசனையை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவரை டிவி முன்னால் உட்காரவையுங்கள், சத்தத்தை மட்டும் கூட்டி வையுங்கள். மற்றதைக் கதாநாயகன் பார்த்துக்கொள்வான்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். தாங்கள் கோபம் குறைந்து நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகள்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது ஒலிப்பதிவு அண்ணன் வந்து சொல்லிவிட்டுப் போனார். முதலாளி கடைசி பாகத்தைக் கேட்டாராம். பெயரையெல்லாம் அவர் கவனிக்கவேயில்லையாம். "கடைசி நிமிஷம் மௌனமா இருந்தாத்தான் கனமா இருக்கும்" என்று முதுகைப் பேசவிடாமல் வெறும் இசையைப் போடச் சொல்லிவிட்டாராம். மௌனத்தின் அருமை அவருக்கு இருபத்தாறாவது வாரத்தில் தெரிந்திருக்கிறது. மாமா, திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள். அப்பாவையும் அத்தையையும் கூட்டி வாருங்கள். சட்டையைப் பிடிக்க வேண்டாம், பேசப்போவது நான்தான், முகத்தைப் பார்த்து. நடுவில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டால் அத்தை எடுத்துக்கொள்ளட்டும். அவர் குரலைக் குறைக்க இந்த ஸ்டுடியோவில் பொத்தான் கிடையாது.