செல்லத்தாய் லேபிளுக்கு நான் போட்ட ஓகே

ஆமத்தூர்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் லட்சுமிகாந்தம் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் தங்கச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகள் ஓவியாவும் நலம். மல்லாங்கிணற்றில் நீங்களும், அக்காவும், சினை மாடும், மூன்று நாளாக உங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் மனைவி செல்லத்தாயும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேச வேண்டியதைக் கடிதமாக எழுதக் காரணம், உங்கள் போனை எடுப்பவளும் அவளே, என் குரல் கேட்டதும் வைப்பவளும் அவளே. இந்தத் தாளின் பின்பக்கத்தைத் தயவுசெய்து திருப்பிப் பார்க்க வேண்டாம். அச்சாபீசில் வேறு தாள் கிடைக்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். எண்பது பேருக்குச் சொல்லியாகிவிட்டது, கிடாயும் வந்து வாசலில் நிற்கிறது. மாப்பிள்ளை இங்கே இருக்கிறேன், பொண்ணு உங்கள் வீட்டில் இருக்கிறது. வருகிறவர்களுக்கு நான் கிடாயைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டா போட்டோ எடுப்பது?

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். இருபத்தாறு வருடமாகச் சிவகாசியில் பட்டாசு லேபிளுக்கு ப்ரூஃப் பார்க்கிறேன். புலி படமானாலும் ரயில் படமானாலும் நான் சிவப்பு மையில் ‘ஓகே’ எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். அப்படிப்பட்டவன், கல்யாண நாளன்று செல்லத்தாய் முகத்தைக் கையில் டாட்டூவாகக் குத்திக்கொண்டு போய் நின்று அவளை அசத்தலாம் என்று நினைத்தது தப்பா மச்சான்? ஓவியாவிடம் ரகசியமாகக் கேட்டேன். “படம் வரைய ஆளே தேட வேண்டாம்ப்பா. ஏஐகிட்ட சொல்லுங்க, அதுவே வரைஞ்சு குடுத்துரும்” என்று என் போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

செல்லத்தாய் தனியாக எடுத்த போட்டோ ஆதார் அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. அதைக் கொடுத்தேன். அதைப் பார்த்து ஏஐயே பயந்துவிட்டதோ என்னவோ, இருபது வயதில் சுருட்டை முடியோடு யாரோ ஒரு பெண்ணை அனுப்பியது. வலது மூக்கில் மூக்குத்தி வேண்டும் என்றேன், இரண்டு பக்கமும் வைத்தது. ஒன்றை எடு என்றேன், எடுத்து நெற்றியில் வைத்தது. ஊர் சிவகாசிப் பக்கம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், உடனே தலையைச் சுற்றி ராக்கெட் பறந்தது. வெடி எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாக எழுதியதும் புஸ்வாணம், சக்கரம், சரவெடி எல்லாம் சேர்ந்து வந்தன. பொறுக்க முடியாமல் படத்தைத் தாளில் எடுத்து, ஆபீசில் செய்வதுபோல் சிவப்புப் பேனாவால் பதினாலு இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். அடுத்த படத்தில் கன்னமெல்லாம் சிவப்பு வட்டம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் மச்சான், ஒவ்வொரு தடவையும் ‘மன்னிக்கவும், உங்கள் திருத்தம் மிக அருமை’ என்று தன்மையாகப் பேசியது. பதினோரு மன்னிப்பு! இருபத்தைந்து வருடத்தில் நானும் செல்லத்தாயும் சேர்ந்துகூட அம்புட்டுக் கேட்டதில்லை. பன்னிரண்டாவது படத்தில், கையில் ஒரு கம்பி மத்தாப்பைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையில் விரல் ஆறு. டாட்டூக்காரர் ஒன்றைக் குறைத்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். முகமும் அவள் முகம் இல்லை. ஆனால் பன்னிரண்டு படம் பார்த்த பிறகு எது செல்லத்தாய் என்று எனக்கே குழம்பிவிட்டது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது. ப்ரூஃப் பார்க்காமல் எதையும் அச்சேற்றி எனக்குப் பழக்கமில்லை. என் தோலாகவே இருந்தாலும் பழக்கம் பழக்கம்தானே? ஆபீஸ் கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டு, கீழே நானே ‘செல்லத்தாய்’ என்று கொட்டை எழுத்தில் சேர்த்து, ஒரு கலர் பிரதி எடுத்தேன். மை நன்றாக விழுந்திருந்தது. கை சும்மா இருக்கவில்லை, ‘ஓகே’ எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். சீசன் நேரம். ஒரு கம்பெனியின் மத்தாப்புப் பெட்டிக்குப் பெண் படம் போட்ட லேபிள் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. மெஷின் ஓட்டும் மாரிக்கண்ணன் என் மேஜையைப் பார்த்தான். மத்தாப்பு இருந்தது, பெண் இருந்தாள், என் ஓகே இருந்தது. சிவகாசியில் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். டீ ஆறுவதற்குள் ஐயாயிரம் லேபிள்.

லோடு எந்தக் கம்பெனிக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? செல்லத்தாய் பெட்டி ஒட்டும் அதே கம்பெனிக்கு, அவள் உட்காரும் அதே மேஜைக்கு. பக்கத்தில் வேலை பார்க்கும் பாண்டிமீனா லேபிள் கட்டைப் பிரித்து, “ஏக்கா, பேரு ஒம் பேருதான். மொகம் யாருதுக்கா?” என்று கேட்டிருக்கிறாள். அதற்கப்புறம் அன்றைக்கு அந்த ஷெட்டில் வேலை நடக்கவில்லை. செல்லத்தாய் வீட்டுக்கு வந்து லேபிளை என் முன்னால் போட்டு, “எம் பேர்ல எவள வச்சிருக்கீக? விரலு வேற ஆறு!” என்றாள். நான் டாட்டூ என்று வாயெடுப்பதற்குள் பையைத் தூக்கிவிட்டாள். முந்தின நாள் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போய்வந்ததிலிருந்தே அவள் ஒரு மாதிரிதான் இருந்தாள். பஸ் ஏறும்போது கையைக்கூட ஆட்டவில்லை, அந்த வெயிலிலும் துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு போனாள். அவ்வளவு கோபம்.

மச்சான், அவள் இல்லாமல் எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. ஓவியா வைக்கும் குழம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உப்பு பத்தவில்லை என்றால் மகள் பேசாமல் உப்பை எடுத்துத் தருகிறாள், சண்டைக்கு வருவதில்லை. சாப்பிட்ட மாதிரியே இல்லை. டாட்டூ ஆசையை இன்றோடு விட்டேன் என்று எங்கள் குலசாமி மேல் சத்தியம் செய்கிறேன். நீங்கள் அவளைச் சமாதானம் செய்து சனிக்கிழமைக்குள் பஸ் ஏற்றிவிட வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டாள், அண்ணன் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். மாடு நல்லபடியாகக் கன்று போடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையை நம்பியே இருக்கும்,
தங்கச்சாமி.

பின்குறிப்பு: மேலே எழுதிய அத்தனையையும் வாபஸ் வாங்குகிறேன். கடிதத்தைத் தபால்பெட்டியில் போடப் போனால், சிவகாசி போகும் பஸ்ஸிலிருந்து செல்லத்தாய் இறங்குகிறாள்! கடிதத்தைப் பிடுங்கி நின்ற இடத்திலேயே படித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, கையிலிருந்த துண்டை எடுத்தாள். முழங்கைக்குக் கீழே டாட்டூ. சூலக்கரை மனு என்றது இதைத்தானாம். அவளுக்கும் ஏஐ சொல்லிக்கொடுத்தது ஓவியாதானாம். “வீக்கம் வடியட்டும்னுதான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கோவம்னு சொன்னாத்தான நீங்க பின்னாடியே வரமாட்டீக? லேபிள அங்கன தெருவுக்கே காட்டிட்டேன்” என்கிறாள். நீங்களும் இதற்குக் கூட்டு என்று தெரிகிறது மச்சான், ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசிக்கொள்வோம். விஷயம் அதுவல்ல. டாட்டூவில் இருக்கிறவனுக்குத் தலை நிறைய முடி. என் தலையோ உங்களுக்குத் தெரியும். “யாருடி இவன்?” என்றேன். “நீங்கதான். அதுவும் பதினஞ்சு தடவ மன்னிப்புக் கேட்டுச்சு, பாவம்னு விட்டுட்டேன்” என்கிறாள். ப்ரூஃப் பார்க்காமலே குத்திக்கொண்டு வந்திருக்கிறாள்! வேறு என்ன செய்ய முடியும்? சிவப்புப் பேனாவை எடுத்து, நோகாத இடமாகப் பார்த்து, அந்த ஆளுக்குக் கீழே ‘ஓகே’ எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.