மாப்பிள்ளை இறுக்கிய போல்ட்

எஜுரா,
மக்காச்சோளச் சந்தைத் தெரு.

அன்புத் தங்கை அச்சியாவுக்கு அண்ணன் பாஃபோ டார்க்வா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அண்ணி நலம், ஆடுகள் நலம், போன மழையில் பறக்கப் பார்த்த கூரையும் மனம் மாறி இப்போது நலம். உன் வீட்டுக்காரரும் நலம். அவர் தொட்டது எதுவும்தான் நலமாக இல்லை. நீயும் குட்டி அராபாவும் அக்ராவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவர் இங்கே இருக்கும்போது அங்கே சுகத்துக்கு என்ன குறை?

போனில் பேசலாம் என்றால் நீ எடுப்பதில்லை. அண்ணன் நம்பரைப் பார்த்ததும் எதற்கென்று உனக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தை பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தை நீ பாதியில் துண்டிக்க முடியாது.

மாப்பிள்ளைக்கு துறைமுக ஆபீசில் வேலை போனதும், ஒரு கைத்தொழில் கற்றுக்கொண்டு வந்தால்தான் கதவைத் திறப்பேன் என்று சொல்லி அனுப்பினாயாம். நல்ல முடிவு. கைத்தொழில் கற்க என் மாவு மில்தானா கிடைத்தது? கேப் கோஸ்ட்காரர் என்பதால் மரியாதையாக வரவேற்றேன். அவர்கள் ஊரில் குழந்தையைத் தாலாட்டுவதுகூடப் பாதி இங்கிலீஷில்தான். அந்த இங்கிலீஷோடும், ஒரு சூட்கேசோடும், போனில் சேர்த்து வைத்திருந்த ரிப்பேர் வீடியோக்களோடும் வந்து இறங்கினார். முதல் வாரம் பேசினார். அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

என் டீசல் இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் வடிக்கிற போல்ட் ஒன்று உண்டு. அதன் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். விழாது. நான் மில் வாங்கின நாளிலிருந்து தொங்குகிறது. அதுபாட்டுக்குத் தொங்கட்டும் என்று நானும் விட்டிருந்தேன். மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டார்.

"மச்சான்! லீக்!"

"அது லீக் இல்ல மாப்ள. அது அப்படித்தான்."

"அப்படித்தான்னு எதுவுமே கிடையாது மச்சான். எல்லாத்துக்கும் காரணம் இருக்கு. லேசா இறுக்கினா சரியாயிடும்."

லேசாக இறுக்குவதற்கு ஸ்பேனரின் வாலில் ஒரு தண்ணிக்குழாயை மாட்டினார். குழாய் அவர் உயரம். போல்ட் இரும்பு, அது போய் உட்காருகிற ஓட்டை அலுமினியம். இறுகியது. பிறகு இன்னும் இறுகியது. பிறகு ஷியா வெண்ணெயில் விட்ட கரண்டி மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் போல்ட்டின் பள்ளங்களில் வெள்ளி நூல் சுற்றினாற்போல அலுமினியச் சுருள். அது என் ஓட்டையின் மரை, அச்சியா. ஓட்டை உள்ளே மொழுமொழுவென்று பிறந்த குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கிறது. இவர் அதைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "பாத்தீங்களா மச்சான், இதுக்குப் பேரு மெட்டல் ஃபெடீக், உலோகத்துக்கு வர்ற களைப்பு" என்கிறார். மரை கழண்டது ஓட்டைக்கு மட்டுமில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு வியாழக்கிழமை. சனிக்கிழமை ஊரில் பெரிய சாவுச் சடங்கு. பந்திக்குக் கென்கே உருண்டை பிடிக்கிற மாமே ஃபோசுவாவும் அவள் கூட்டமும் சோளத்தை ஊற வைத்தாகிவிட்டது. உனக்குத் தெரியாததா, ஊறின சோளம் யாருக்காகவும் காத்திருக்காது. வெள்ளிக்கிழமை காலையில் அரைத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் புளித்து நாறும். குமாசியில் சுவாமேயில் எனக்குத் தெரிந்த பட்டறைக்குப் போன் போட்டேன். அங்கே மேடம் பிராகோ என்றொரு அம்மாள் லேத் வைத்திருக்கிறாள். "ஓட்டையைப் பெருசாக்கி டேப் போடணும், கொண்டு வா" என்றாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரர், "டேப்தானே, எங்கிட்டயே இருக்கு" என்று ஓடினார். அவள் சொன்னது மரை வெட்டுகிற டேப். இவர் கொண்டு வந்தது குழாய்க்காரன் சுற்றுகிற வெள்ளை டேப். போல்ட்டுக்கு மாப்பிள்ளைத் தலைப்பாகை மாதிரி சுற்றி உள்ளே திணித்தார். எண்ணெய் ஊற்றினோம். ஊற்றின வேகத்தில் வெளியே வந்தது. அடுத்து அதைவிடத் தடியான போல்ட் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து கோணலாக வைத்துச் சுத்தியால் அடித்தார். மரை என்பது சுற்றிச் சுற்றி ஏறுகிற வழி, ஆணி மாதிரி அடித்து இறக்குகிற சமாச்சாரமில்லை என்று நான் கத்தினேன். "இறங்குது பாருங்க மச்சான்!" என்றார். இறங்காமல்? அடித்தால் பாறையே இறங்கும். கடைசியில் இரண்டு டியூப் பசையைக் குழைத்து அப்பி, "இப்போ இதைப் பிரிக்கறதுக்கு டைனமைட் வேணும்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

டைனமைட் வேண்டியிருக்கவில்லை. என் இன்ஜினே போதும்.

வெள்ளிக்கிழமை காலையில் பெண்கள் ஊறின சோளப் பேசின்களோடு வரிசையில் நின்றார்கள். இன்ஜின் ஓடியது. முதல் பேசின் அரைத்தாயிற்று, இரண்டாவதும் ஆயிற்று. எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது, தப்பாக நினைத்துவிட்டோமோ என்று. உன் வீட்டுக்காரர் இன்ஜின் பக்கத்தில் நின்று, தேய்மானம் என்றால் என்ன என்று பெண்களுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார்.

"ரெண்டு உலோகம் உரசும்போது நடுவுல ஒரு மெல்லிசான எண்ணெய்ப் படலம் இருக்கணும் அம்மாக்களே. அது இல்லேன்னா..."

அது இல்லையென்றால் என்ன ஆகும் என்று இன்ஜினே சொன்னது. போல்ட் பசையோடு பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. கொதிக்கிற கறுப்பு எண்ணெய் மாமே ஃபோசுவாவின் சடங்குத் துணியில் இடுப்பிலிருந்து கால்வரை அடித்தது. நல்லவேளை, துணி தடிமன், உடம்பு வேகவில்லை.

"மில்லுக்காரரே! சாவு வீட்டுக்கு நான் சமைக்கணுமா, இல்ல எனக்கே சடங்கு வெக்கப் பாக்கறீரா?"

"இன்ஜினை நிறுத்து!" என்று நான் அலறுகிறேன். உன் வீட்டுக்காரர் நிறுத்துகிற கம்பியை விட்டுவிட்டு வேகம் கூட்டுகிற கம்பியை இழுக்கிறார். ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் இன்ஜின் ஊளையிட்டது. நானே மேலே விழுந்து நிறுத்தினேன். அப்போது வந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. பெண்கள் எல்லோரும் பேசின்களைத் தலையில் ஏற்றிக்கொண்டு நேரே தெருக்கோடியில் இருக்கிற என் போட்டிக்காரன் அம்போஃபோ மில்லுக்கு நடந்தார்கள். அந்த அம்போஃபோ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பல் குத்திக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையசைத்தான் பார், துக்கம் விசாரிக்கிற மாதிரி! அங்கே கூட்டம் தாங்கவில்லை. மாமே ஃபோசுவாவின் முறை வருவதற்குள் அவள் சோளம் எல்லை தாண்டிப் புளித்துவிட்டது. சனிக்கிழமை பந்தியில் கென்கேயைக் கடித்தவர்களெல்லாம் செத்தவரைவிடக் கோணலாக முகத்தை வைத்துக்கொண்டார்கள். பழி யார் மேல்? என் மேல்.

திங்கட்கிழமை இன்ஜினை லாரியில் ஏற்றி சுவாமேக்குக் கொண்டுபோனோம். அந்த மேடம் பிராகோ இருக்கிறாளே, அவளுக்கு வாய் லேத்தைவிட வேகம். ஒரு கையில் வறுத்த வாழைப்பழம், மறுகையில் என் பேரிங். கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தா, நீலம் பாஞ்சிருக்கு பார், இது எண்ணெய் இல்லாம ஓடின சூடு. இது போன வாரத்துக் கதை. இந்தக் கோடு கோடா கீறல் இருக்கே, இது எண்ணெயில சோளமாவு கலந்து ஓடினது. இது பல வருஷக் கதை. அப்புறம் பெல்ட்டு இருக்கற பக்கம் மட்டும் தேஞ்சு கிடக்கு. பெல்ட்டை யாரு இப்படி இழுத்துக் கட்டினது? கழுதையையா கட்டிப் போட்டிருக்கே?"

"பெல்ட் வழுக்கக் கூடாதுன்னு..." என்றேன்.

"ஓ, நீதானா! இந்த அக்ரா ஆளு ஒரே நாள்ல பண்ணினதை நீ உட்கார்ந்து வருஷக்கணக்கா பண்ணியிருக்கே. நல்ல குடும்பம்!"

பொம்பளைக்கு என்ன தெரியும், பெல்ட் என்றால் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவள் கையில் பேரிங் இருந்தது. பக்கத்தில் உன் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் மறக்கமாட்டேன்.

அவள் மட்டும் என்ன ஒழுங்கு? கெட்ட ஓட்டையைத் துளைத்துப் பெரிசாக்கினாள். மரை வெட்ட டேப்பை உள்ளே விட்டுத் திருகினாள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே, சீவல் உதிர உதிர நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை காதருகே போய், "வீடியோவில வேற மாதிரி காட்டினான் மேடம்" என்றார். அவள் திரும்பி முறைத்த முறைப்பில் கை கோணி டேப் ஓட்டைக்குள்ளேயே முறிந்துபோயிற்று. அவள் அரத்தைத் தூக்கிக்கொண்டு அவரை வெல்டிங் கடைவரை விரட்டினாள். முறிந்ததைக் கொத்தி எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. பிறகு புது மரை வெட்டி, அதில் எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகி இறக்கினாள். அலுமினியத்துக்குள் எஃகு மரை. பழைய போல்ட்டே அதில் அழகாகப் போய் உட்கார்ந்தது.

"இப்போ நீ இறுக்கு" என்றாள் மாப்பிள்ளையிடம். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டேன். "மணிக்கட்டால மட்டும். தோள் வந்துச்சு, வெட்டிடுவேன். வாஷர் நசுங்கறது கைக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"அப்போ நிறுத்து."

நிறுத்தினார், அச்சியா. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இடத்தில் நிறுத்தினார். திரும்பி வரும் வழியில் லாரி மாம்போங்கைத் தாண்டும்போது, "மச்சான், இறுக்கறதுன்னா பலம்னு நினைச்சுட்டேன்" என்றார். கண் கலங்கியிருந்ததோ, தெருப் புழுதியோ, எனக்குத் தெரியாது. கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் அந்தப் பாவம் போய்விட்டது.

ஏனென்றால் தேய்மானத்தைப் படிக்கிற வித்தை இவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. என் செருப்பைத் தூக்கிப் பார்த்து, "மச்சான், நீங்க இடது பக்கமா சாஞ்சு நடக்கறீங்க" என்கிறான். கதவுக் கீலைப் பார்த்து, வீட்டுக்காரி கோபமாகச் சாத்துகிற கதவு என்கிறான். உன் அண்ணி அதற்குப் பதிலாக அதே கதவை அவன் மூஞ்சியில் சாத்தினாள். நேற்று சாப்பிட உட்கார்ந்தேன், குனிந்து என் வாயைப் பார்த்து, "நீங்க வலது பக்கமாவே மெல்றீங்க. அப்பப்போ பக்கத்தை மாத்துங்க, பல்லு சமமா தேயும்" என்கிறான்! என் வீட்டில், என் பான்குக் களியை நான் மெல்லும்போது, என் பல்லுக்குத் தேய்மானம் சொல்ல இவன் யார்? மில் ஓடுகிறது, ஆனால் யாருக்கு? வாசலுக்கு வருகிற பெண் இவன் தலையைக் கண்டதும் பேசினோடு திரும்பிவிடுகிறாள். கண் தெரியாத ஒரு கிழவியும் காது கேளாத ஒருத்தியும்தான் இப்போது என் வாடிக்கை.

ஆகையால் அண்ணன் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்தக் கடிதம் கண்ட உடனே பஸ் ஏறி வந்து உன் புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்விடு. கைத்தொழில் கற்றுக்கொண்டான், ஊரே சாட்சி. ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ வரவில்லையென்றால் நானே சூட்கேசோடு வண்டியில் ஏற்றி உன் வாசலில் இறக்கிவிடுவேன். அண்ணன் தங்கை உறவு நிலைப்பதும் நிலைக்காததும் உன் கையில்.

உனக்கும் குழந்தைக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளையும், கெட்டியான எலும்பையும், உருப்படியான உறவினர்களையும் கொடுக்கட்டும். அராபாவுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
பாஃபோ டார்க்வா.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் வாசலில் யாரோ வந்து நின்றார்கள். பார்த்தால் அம்போஃபோ, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. கூட்டம் அதிகமாகி அவன் மில்லில் ஏதோ கடகடவென்று சத்தமாம். "உங்க வீட்ல அக்ரா இன்ஜினீயர் ஒருத்தர் இருக்காராமே, செத்த இன்ஜினையே ஓட வெச்சாராமே, சுவாமேக்காரிக்கே வழி சொன்னாராமே, ஒரு நாள் அனுப்பி உதவணும் அண்ணே" என்றான். தன் பெருமையைத் தானே இப்படி ஊரில் பரப்பினது யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் முகத்தை மிகவும் வருத்தமாக வைத்துக்கொண்டேன். "அவர் இல்லாம என் மில்லு எப்படி ஓடும் தம்பி?" என்றேன். கெஞ்சினான். மனசில்லாமல் சம்மதித்தேன். மாப்பிள்ளை உடனே கிளம்பிவிட்டார். சற்றுமுன் அந்தப் பக்கமிருந்து பெரிய சத்தம் ஒன்று வந்தது, அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. இப்போது தெருக்கோடியில் பேசின்கள் வரிசையாக வருகின்றன, முன்னால் மாமே ஃபோசுவா. ஆகையால் நீ அவசரப்பட்டு வரவேண்டாம் அச்சியா. மாப்பிள்ளை தங்கமானவர். கிறிஸ்துமஸ்வரை அவர் இங்கேயே இருக்கட்டும்.