தர்மராஜ் வேட்டியின் வெள்ளை

கல்யாணப் போட்டோவில் சாரதா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அன்றோடு சரி. அதற்கப்புறம் கேமராவைக் கண்டாலே அவளுக்கு அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் வந்துவிடும். இப்போது மகள் சங்கமித்ராவின் பிரசவத்துக்குப் புனே கிளம்புகிறாள், மூன்று மாசம். அந்த முகத்தைப் பார்க்காமல் மூன்று மாசமா? புருஷன் தர்மராஜுக்கு அது ஆகாத காரியம். திருட்டுத்தனமாகவாவது ஒரு படம் எடுத்தே தீருவது என்று முடிவு கட்டினார்.

மருமகன் விட்டுப்போன டிஜிட்டல் கேமரா இருந்தது. கூட வந்த புத்தகத்திலேயே வழியும் கிடைத்தது. பல்பு வெளிச்சம் மஞ்சளடிக்கும், டியூப்லைட் பச்சையடிக்கும். அந்தந்த வெளிச்சத்தில் ஒரு வெள்ளைப் பொருளைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் நிறமெல்லாம் நேராகிவிடுமாம்.

வெள்ளைக்கா பஞ்சம்? பௌர்ணமிக்குப் புத்த விகாரைக்குக் கட்டிப்போகும் வேட்டி இருக்கிறதே. அதைச் சாரதாவைத் தொடவிட மாட்டார், தானே துவைப்பார். நீலமே போடாமல் இந்த வெள்ளை சாம்பியன் ரீப்ஸ் ஊரிலேயே வேறு யாருக்கு வரும் என்று அவர் கேட்காத பௌர்ணமி கிடையாது.

"சாரதா, இத்த கொஞ்சம் புடி. போட்டோ இல்ல, லைட்டுதான் பாக்குறன்."

சமையல்கட்டில் பல்புக்குக் கீழே, கூடத்தில் டியூப்லைட்டுக்குக் கீழே, வாசல் வெயிலில் என்று பிடிக்கவைத்து, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டினார். வேட்டி கொஞ்சம் இறங்கும்போது நைசாக ஒரு க்ளிக். அவளும் இன்னா ஏது என்று கேட்காமல் பிடித்தாள். அங்கேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

படத்தைப் பார்த்தால், சாரதா நீலம். சுவர் நீலம். வேட்டிக்குப் போடாத நீலமெல்லாம் பொண்டாட்டி முகத்தில் இறங்கியிருந்தது. கேமராவைத் திட்டினார், மருமகனைத் திட்டினார், கரண்டைக்கூடத் திட்டினார். விடிந்தால் அவள் ஊருக்கு. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

மாரிகுப்பம் ஸ்டேஷனில் ரயிலேறி ஜன்னலோரம் உட்கார்ந்த சாரதா, பையிலிருந்து கேமராவை எடுத்து, பிளாட்பாரத்தில் நின்றவரிடம் நீட்டினாள். அவர் எடுக்காத படம் ஒன்று அதில் இருந்தது. அதே சமையல்கட்டு, அதே பல்பு. தலையில் மல்லிப்பூவோடு, கண்ணைத் திறந்து, அவரையே பார்த்துச் சிரிக்கிறாள். அவள் மாநிறம் மாநிறமாகவே இருந்தது.

"ஆரு எடுத்தது?"

"பக்கத்து வூட்டு ஐடா அக்கா. நீங்க ஆட்டோ கூட்டியாரப் போனப்ப. திருட்டு க்ளிக்கு எனக்குக் கேக்காதா? தனியா இருப்பீங்களேன்னுதான் நின்னேன்."

"கலர் மட்டும் எப்டி நேரா வந்துச்சு?"

படத்தைத் தொட்டுக் காட்டினாள். ஒரு கையில் ஐடா சர்ச்சுக்குப் போட்டுப்போகும் வெள்ளை முக்காடு. இன்னொரு கையில் அவர் வேட்டி. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேட்டி டீ வடிகட்டின துணி மாதிரி இருந்தது.

"அக்கா புக்கப் பாத்து முக்காட்டக் காட்டிச்சி. மஞ்சத் துணியக் காட்டி வெள்ளன்னு சொன்னா, கேமரா பாவம், மீதியெல்லாத்தையும் நீலமாக்கிடுது."

போகட்டும், இந்தத் தடவை நீலம் போட்டே துவைத்துவிடுகிறேன் என்று முனகினார் தர்மராஜ். ரயில் நகர்ந்தது.

"வேட்டிய வூட்ல தேடாதீங்க," என்றாள் சாரதா. "பொட்டில வெச்சிருக்கேன். பேரப்புள்ள இடுப்புக்குக் கிழிச்சிக் கட்ட நல்லா மெத்துனு இருக்கும்."